மாணவர்களே நடத்துற ரகசிய பேச்சுத்துணை லைன்: நிர்வாகம் பேர் லிஸ்ட் கேக்குது, குடுக்கலாமா?

நிலாமுற்றம்
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க. எங்க யுனிவர்சிட்டில நாங்க சில பேர் சேர்ந்து ராத்திரி நேரத்துக்கு மட்டும் ஒரு போன் லைனும் சாட்டும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். யாருக்காவது மனசு சரியில்லன்னா, தூக்கம் வரலன்னா, வீட்ல பிரச்சனைன்னா, இல்ல சும்மா யார்கிட்டயாவது பேசணும் போல இருந்தாலே கூட கூப்பிடலாம், எடுக்கறவங்களும் ஸ்டூடண்ட்தான். கவுன்சிலிங் சென்டர் சாயங்காலம் பூட்டிடுவாங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கா ஆகுது, ஆனா மனசு கனக்கறது என்னவோ ராத்திரி ஒரு மணிக்கு மேலதான். டீன் ஆபீஸ்ல போய் பேசினோம், நல்லபடியாதான் கேட்டாங்க, ரூம் தர்றோம் ட்ரெய்னிங் செலவு பாத்துக்கறோம்னு எல்லாம் சொன்னாங்க. ஒரே ஒரு கண்டிஷன்: மாசாமாசம் யார் யார் பேசினாங்க, எந்த டிபார்ட்மென்ட், என்ன பிரச்சனைன்னு ஒரு லிஸ்ட் தரணுமாம். "நாளைக்கு ஏதாவது ஆயிட்டா நாங்கதானே பதில் சொல்லணும்"ங்கறாங்க. அவங்க பயமும் எனக்கு புரியுது. எங்க டீமுக்குள்ளயே இப்ப ரெண்டு கட்சி ஆயிடுச்சு, லிஸ்ட் குடுத்தாவது ஆரம்பிச்சுடுவோம்னு பாதி பேர், அப்படி ஆரம்பிக்கறதுக்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம்னு மீதி பேர். இந்த மாதிரி எங்கயாவது வேலை பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

பழையலைன்
லிஸ்ட் குடுக்காதீங்க. அதை முதல்ல சொல்லிட்டு மீதியை எழுதறேன்.

நான் படிக்கும்போது இங்கிலாந்துல ஒரு நைட்லைன்ல வாலன்டியரா இருந்தேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், நைட்லைன்ங்கறது 1970ல எசெக்ஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, அப்புறம் பிரிட்டன், அயர்லாந்துன்னு நிறைய யுனிவர்சிட்டிக்கு பரவிடுச்சு, ராத்திரி முழுக்க ஸ்டூடண்ட்ஸே உக்காந்து போன் எடுப்பாங்க. அதுக்கு அஞ்சு விஷயம் அடிப்படை. பேசினது வெளிய போகாது, பேர் கேக்க மாட்டோம், எடை போட மாட்டோம், பேச்சை எங்க இஷ்டத்துக்கு இழுக்க மாட்டோம், அட்வைஸ் பண்ண மாட்டோம். இதுல முதல் ரெண்டை எடுத்துட்டா மீதி மூணும் தன்னால விழுந்துடும், ஏன்னா பேர் தெரிஞ்சுடும்னு நினைக்கறவங்க நிஜத்தை பேசவே மாட்டாங்க.

இன்னொன்னு யாரும் யோசிக்கறதில்ல. கூப்பிடறவங்க பேர் மட்டும் இல்ல, எடுக்கறவங்க பேரும் ரகசியமா இருக்கணும். எங்க லைன்ல நான் வாலன்டியர்ங்கறது என் ரூம்மேட்டுக்கே தெரியாது, ஷிப்ட் அன்னிக்கு லைப்ரரின்னு சொல்லிட்டு போவேன். போஸ்டர் ஒட்டறது, ஸ்டால்ல நிக்கறது, நிர்வாகத்துகிட்ட பேசறது எல்லாத்துக்கும் ரெண்டு மூணு பேர் தனியா இருப்பாங்க, அவங்க முகம் மட்டும்தான் வெளிய தெரியும், அவங்க போன் எடுக்கவே மாட்டாங்க. ஏன்னா கேம்பஸ்ங்கறது ரொம்ப சின்ன உலகம். உங்க லேப்ல பக்கத்து டேபிள்ல இருக்கறவர்தான் அந்த லைன்ல இருக்கார்னு தெரிஞ்சா நீங்க கூப்பிடுவீங்களா? அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் கூப்பிட மாட்டீங்க.

கேள்விக்குறி
நான் ஒத்துக்கல, தப்பா எடுத்துக்காதீங்க, இது எனக்கு ரொம்ப பக்கத்துல நடந்த விஷயம் சம்பந்தப்பட்டதால சொல்றேன். இருபது வயசு பசங்க, கூடவே எக்ஸாம் எழுதிட்டு இருக்கறவங்க, அவங்க எப்படி இதையெல்லாம் தாங்குவாங்க? ஒருத்தர் ராத்திரி கூப்பிட்டு நான் இருக்கப்போறதில்லன்னு சொன்னா, பேர் கேக்க மாட்டோம் அட்வைஸ் பண்ண மாட்டோம்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்களா? நிர்வாகம் பேர் கேக்கறது அடக்கி வைக்கறதுக்குன்னே ஏன் நினைக்கணும்? காப்பாத்தறதுக்கும் பேர் வேணுமே. ரகசியம்ங்கற ஒரு வார்த்தைக்காக ஒரு உயிர் போச்சுன்னா அந்த வாலன்டியர் காலம் பூரா அதை சுமக்கணும். ட்ரெய்ன்டு ஆட்கள் பண்ண வேண்டியதை அவங்களே பண்ணட்டும்.

மதிவதனி
நான் உளவியல் ஆலோசகரா வேலை பாக்கறேன், ஸ்டூடண்ட் வாலன்டியர்களுக்கு ட்ரெய்னிங்கும் குடுத்திருக்கேன். கேள்விக்குறி, உங்க கேள்வி நியாயமானது, அதை யாரும் தள்ளிவிட்டுட்டு போகக்கூடாது. ஒவ்வொண்ணா வரேன்.

முதல்ல, ட்ரெய்னிங் இல்லாதவங்க கேட்டா உதவுமாங்கறது. 1953ல லண்டன்ல சாட் வாராங்கற பாதிரியார், தற்கொலை எண்ணத்துல இருக்கறவங்களுக்காக சமாரிட்டன்ஸ்ங்கற உதவி அமைப்பை ஆரம்பிச்சப்ப அவரே எல்லார்கிட்டயும் பேசி ஆலோசனை சொல்றதாதான் ஏற்பாடு. காத்திருக்கறவங்க கூட உக்காந்து பேச்சுக்குடுக்க சில வாலன்டியர்கள் வந்தாங்க. கொஞ்ச நாள்ல பாத்தா நிறைய பேர் அந்த வாலன்டியர்கிட்ட பேசிட்டே மனசு லேசாகி, அவரைப் பாக்காமலே கிளம்பிட்டாங்க. அதைப் பாத்துட்டு 1954லயே அவர் கேக்கற வேலையை வாலன்டியர்கள்கிட்டயே ஒப்படைச்சுட்டார். அப்புறம் 1979ல டுர்லாக்ங்கறவர் 42 ஆய்வுகளை சேர்த்து வச்சு பாத்து, தொழில்முறை படிப்பு இல்லாத உதவியாளர்கள்கிட்ட போனவங்களுக்கும் படிச்சவங்ககிட்ட போனவங்களுக்கும் கிடைச்ச பலன் கிட்டத்தட்ட சமம்தான், சில இடத்துல அதிகமும் கூடன்னு எழுதினார். அந்த ஆய்வுகளோட தரத்தை பத்தி உடனே பெரிய சண்டையே நடந்தது, அதனால இதை வச்சு கவுன்சிலர் தேவையே இல்லன்னு யாரும் கிளம்பிடாதீங்க. நான் இதுல இருந்து எடுத்துக்கறது, நல்லா கேக்கறதுக்கு பட்டம் அவசியமில்லங்கறது மட்டும்தான். ஆனா நோயை கண்டுபிடிக்கறது, சிகிச்சை குடுக்கறது, மருந்தை நிறுத்து எடுத்துக்கோன்னு சொல்றது, இதெல்லாம் இந்த லைனோட வேலை இல்லவே இல்ல. அதைத் தொட்டா அன்னிக்கே ஆபத்து.

ரெண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. ட்ரெய்னிங்ல நான் அதிக நேரம் செலவழிக்கறது இதுலதான். யாராவது "எல்லாம் முடிஞ்சா நல்லாருக்கும்"ன்னு சொன்னா வாலன்டியர் நேரா கேக்கணும், "தற்கொலை பண்ணிக்கற எண்ணம் இருக்கா?"ன்னு. சுத்தி வளைக்காம, அந்த வார்த்தையை முழுங்காம. கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம் இருக்கும். நியூயார்க் பக்கம் 2342 ஸ்கூல் பசங்களை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2005ல ஜாமாங்கற மருத்துவ பத்திரிகைல வந்தது, இந்த கேள்வியை கேட்ட குரூப்ல மன வேதனையும் கூடல, அந்த எண்ணமும் கூடல, ஏற்கனவே கஷ்டத்துல இருந்தவங்களுக்கு கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் தெரிஞ்சது. "ஆமா"ன்னு பதில் வந்தா அடுத்து என்ன கேக்கறது, எப்ப சூப்பர்வைசரை எழுப்பறது, எப்ப அவசர உதவிக்கு போறது, இது எல்லாம் முன்னாடியே எழுதி சுவத்துல ஒட்டியிருக்கணும். அந்த நிமிஷத்துல வாலன்டியர் தனியா உக்காந்து முடிவெடுக்கற நிலைமையே வரக்கூடாது.

அப்புறம் பேர் லிஸ்ட் காப்பாத்துமாங்கறது. மாசக்கடைசில போற லிஸ்ட் யாரையும் அன்னிக்கு ராத்திரி காப்பாத்தாது. அன்னிக்கு ராத்திரி காப்பாத்தறது அவங்க போன் எடுத்து கூப்பிட்டாங்க பாருங்க, அது. லிஸ்ட் அந்த போனை நிறுத்திடும்.

கேள்விக்குறி
கடைசி வரி யோசிக்க வைக்குது. ஆனாலும் எல்லா நேரமும் ரகசியம்னு சொல்ல முடியாதுல்ல, அப்ப அதை ரகசியம்னு விளம்பரம் பண்றதே பொய் இல்லையா?

மேகலா_சட்டம்
இதுக்கு நான் வரேன், சட்டம் படிக்கறேன். பொய்யா ஆகாம இருக்கணும்னா எல்லையை முன்னாடியே சொல்லணும், அதுதான் வழி. கலிபோர்னியால டாரசாஃப் வழக்குன்னு ஒன்னு, 1976 தீர்ப்பு, உளவியல் படிக்கறவங்க எல்லாரும் இதை படிச்சிருப்பாங்க. யுனிவர்சிட்டி மருத்துவமனைல சிகிச்சைக்கு வந்த ஒரு ஸ்டூடண்ட் ஒரு பொண்ணை கொல்லப்போறேன்னு சிகிச்சையாளர்கிட்ட சொல்லியிருக்கார், அந்தப் பொண்ணுக்கு யாரும் தகவல் சொல்லல, 1969ல கொலையும் நடந்துடுச்சு. அடுத்தவங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா அவங்களை பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கற கடமை சிகிச்சையாளருக்கு இருக்குன்னு கோர்ட் சொல்லிடுச்சு. டாக்டர், சிகிச்சையாளர் ரகசியத்துக்கே எல்லை இருக்குன்னா மாணவர் வாலன்டியருக்கு கண்டிப்பா இருக்கும்.

இதுல ரொம்ப பேர் கவனிக்காதது என்னன்னா, டாக்டர்கிட்ட வக்கீல்கிட்ட பேசினதுக்கு பல நாட்டு சட்டத்துல இருக்கற பாதுகாப்பு ஸ்டூடண்ட் வாலன்டியர்கிட்ட பேசினதுக்கு பெரும்பாலும் கிடையாது. கோர்ட் கூப்பிட்டா போய் சொல்லித்தான் ஆகணும்ங்கற நிலைமை வரலாம். சில இடத்துல இன்னும் சிக்கல், அமெரிக்கால ஹாஸ்டல்ல மத்த மாணவர்களை கவனிச்சுக்கற பொறுப்புல இருக்கற ரெசிடென்ட் அசிஸ்டென்ட் ஸ்டூடண்ட்ஸ் பாலியல் தொல்லை பத்தி கேள்விப்பட்டா மேல ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு பல யுனிவர்சிட்டில விதி, அதே கேம்பஸ்ல ரகசிய லைன்ல இருக்கற ஸ்டூடண்டுக்கு வேற விதி. ஒரே ஆள் ரெண்டு வேலையும் பாத்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அதனால நிலாமுற்றம், உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்க லா டிபார்ட்மென்ட்ல ஒரு புரொபசரை வச்சு எழுத்துல வாங்கிக்கங்க. வாலன்டியர் சேக்கும்போதே, நீ வேற எங்கயாவது ரிப்போர்ட் பண்ண வேண்டிய பொறுப்புல இருக்கியான்னு கேட்டுடுங்க.

எழுதாத நோட்டை யாரும் கேட்டு வாங்க முடியாது. நோட்ல எதை எழுதறோம்ங்கறதுலதான் பாதி ரகசியம் இருக்கு.

பெயர்வேண்டாம்
இதுக்காகவே புது ஐடி போட்டு எழுதறேன். நான் அந்தப் பக்கம் இருந்தவ, அதாவது கூப்பிட்டவ.

முதல் தடவை கூப்பிட்டப்ப நான் எதுவும் பேசல. பேச முடியல. அந்தப் பக்கம் ஒரு பையன் குரல், "ஹலோ, நான் இருக்கேன்"ன்னார். நான் அழக்கூட இல்ல, சும்மா மூச்சு மட்டும். கொஞ்ச நேரம் கழிச்சு "பேசணும்னு அவசியம் இல்ல, நீங்க வைக்கற வரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்"ன்னார். நடுவுல பேப்பர் புரட்டற சத்தம் கேட்டுது, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. நானே வச்சுட்டேன். அடுத்த வாரம் திரும்ப கூப்பிட்டேன், வேற யாரோ எடுத்தாங்க, அன்னிக்குதான் பேசினேன். ஒரு புரொபசர் விஷயம், இங்க எழுத விரும்பல. அவங்க கம்ப்ளைன்ட் குடுன்னும் சொல்லல, விட்டுடுன்னும் சொல்லல. "இதை இத்தனை நாள் தனியா வச்சிட்டு இருந்திருக்கீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்க எங்க போகலாம்னு நான் கேட்டப்பதான் சொன்னாங்க, கம்ப்ளைன்ட் கமிட்டி எது, கவுன்சிலர் எப்படி பாக்கறது, எதுக்கு போனா என்ன நடக்கும்னு. முடிவு நான்தான் எடுத்தேன்.

இதே மாதிரி இன்னொரு சர்வீஸ், அது நான் மேல்படிப்புக்கு போன இடத்துல. ஆன்லைன்ல நிரப்பி அனுப்பற ஒரு பாரம், "முழு ரகசியம், பேர் தேவையில்ல"ன்னு பெருசா போட்டிருந்துது. உள்ள எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள்ல என் காலேஜ் மெயிலுக்கு பதில் வருது, என் பேரைப் போட்டு. நான் பேரும் குடுக்கல மெயிலும் குடுக்கல. அவங்க கெட்டவங்க இல்ல, அன்பாதான் எழுதியிருந்தாங்க, ஆனா எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, யார் யாரெல்லாம் படிச்சிருப்பாங்கன்னு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. அதனால லிஸ்ட் குடுத்தாவது ஆரம்பிப்போம்னு சொல்ற உங்க டீம் ஆட்களுக்கு நான் கைகூப்பி கேட்டுக்கறேன், வேணாம்.

சர்வர்ரூம்
பெயர்வேண்டாம், உங்களுக்கு நடந்தது என்னன்னு என்னால கிட்டத்தட்ட சொல்ல முடியும். கூகுள் பாரத்துல மெயில் அட்ரஸை தானா சேகரிக்கற ஒரு செட்டிங் இருக்கு. யுனிவர்சிட்டி அக்கவுண்ட்ல பாரம் பண்ணினா, நிர்வாகி வச்சிருக்கற டீஃபால்ட்டை பொறுத்து அது ஆன்லயே இருக்கலாம். பாரம் பண்ணினவங்க கவனிக்கலன்னா லாகின்ல இருக்கறவங்க எல்லார் மெயிலும் ஷீட்ல தானா வந்து விழும். மனசுல துரோகம் இருந்தாத்தான் ரகசியம் உடையும்னு இல்ல, ஒரு டிக் பாக்ஸ் போதும்.

நிலாமுற்றம், டெக்னிக்கலா நீங்க பாக்க வேண்டியது, நான் கண்ட இடத்துல எல்லாம் கோட்டை விடறது இதுதான்:

போன் யாரோட பர்சனல் நம்பரும் வேணாம். சாதாரண மொபைல் வச்சீங்கன்னா கால் ஹிஸ்டரில நம்பர் நிக்கும், காலர் ஐடி ஆப் இருந்தா பேரே வந்துடும். வர்ற நம்பரை வாலன்டியருக்கு காட்டாம மறைக்கற இன்டர்நெட் போன் சர்வீஸ் எடுங்க, ஆனா அந்த கம்பெனி சர்வர்ல லாக் இருக்கும், அந்த அட்மின் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குங்கறதையும் முடிவு பண்ணுங்க. கேம்பஸ் எக்ஸ்டென்ஷன் வேணாம், யுனிவர்சிட்டி எக்ஸ்சேஞ்ச்ல எந்த ரூம்ல இருந்து கால் வந்ததுன்னு பதிவாகும். சாட்டுக்கு யுனிவர்சிட்டி லாகின் கேக்காத டூல், பேச்சு முடிஞ்சதும் அழியற மாதிரி. வெப்சைட்ல விளம்பர ட்ராக்கர் எதுவும் போடாதீங்க, இல்லன்னா அந்த பேஜை பாத்தவங்களுக்கு அப்புறம் அது சம்பந்தமான விளம்பரம் வரலாம், பக்கத்துல ப்ரெண்ட் உக்காந்திருக்கும்போது.

எல்லாத்தையும் விட பெரிய ஓட்டை வாலன்டியர் வாட்ஸ்அப் குரூப். "நேத்து ஒரு கால் வந்துச்சு பாரு, பாவம், தேர்ட் இயர் போல"ன்னு ஒரு மெசேஜ் போதும். அது எத்தனை போன்ல, எத்தனை பேக்கப்ல போய் உக்காருதுன்னு கணக்கே இல்ல. குரூப்ல ஷிப்ட் மாத்தறது மட்டும்தான்னு விதி வைங்க, ஷிப்ட்ல வந்த கால் பத்தி பேசணும்னா நேர்ல.

நிலாமுற்றம்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெயர்வேண்டாம், உங்க பதிவை எங்க டீம்ல எல்லாரும் படிச்சோம், லிஸ்ட் குடுக்கலாம்னு சொன்ன ரெண்டு பேரே இப்ப வேணாம்னுட்டாங்க. இப்ப என் கேள்வி, நிர்வாகத்துகிட்ட வெறும் கையோட போக முடியாதுல்ல, காசு குடுக்கறவங்க ஏதாவது கணக்கு கேப்பாங்க. பேர் இல்லாம டிபார்ட்மென்ட் வாரியா, பிரச்சனை வாரியா எண்ணிக்கை மட்டும் குடுத்தா போதுமா?

மதிவதனி
அதுலயும் பாத்துக்கங்க. "இந்த மாசம், ஆராய்ச்சி மாணவர், பெண், கைடு தொல்லை: 1"ன்னு ஒரு வரி போச்சுன்னா, அந்த டிபார்ட்மென்ட்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணுங்களே மூணு பேர்தான்னா, பேர் எழுதினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? டிபார்ட்மென்ட்டே வேணாம், நீங்க கேக்கவும் வேணாம், அவங்களா சொன்னா எழுதவும் வேணாம். மாசாமாசம் இல்லாம செமஸ்டருக்கு ஒரு தடவை, மொத்தம் எத்தனை கால், எத்தனை சாட், எந்த நேரத்துல அதிகம், பொதுவா என்ன மாதிரி விஷயங்கள், அவ்வளவுதான். அஞ்சுக்கு கீழ இருக்கற எந்த எண்ணிக்கையையும் தனியா காட்டாம "மற்றவை"ல சேர்த்துடுங்க. நிர்வாகத்துக்கு உண்மையில வேணும்ங்கறது நீங்க பொறுப்பா நடத்தறீங்கங்கற நம்பிக்கை, அதனால யாருக்கு ட்ரெய்னிங் ஆச்சு, எத்தனை மணி நேரம், யார் சூப்பர்வைஸ் பண்றாங்க, அவசரத்துக்கு என்ன நடைமுறை, அதையெல்லாம் தாராளமா குடுங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுங்க.

தேன்மொழி
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும், ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி. அட்வைஸ் பண்ணக்கூடாதுன்னு சொல்றீங்களே, நம்ம ஆளுங்க கூப்பிடறதே "நான் என்ன பண்ணட்டும்"னு கேக்கத்தானே? அக்கா அண்ணன்கிட்ட கேக்கற மாதிரி. பதிலே சொல்லாம "நீங்க என்ன நினைக்கறீங்க"ன்னு திருப்பி கேட்டா கடுப்பாகாதா?

பழையலைன்
கடுப்பாகும், கிளி மாதிரி அதையே சொல்லிட்டு இருந்தா கண்டிப்பா ஆகும். எனக்கும் ஆரம்பத்துல இது ஒட்டவே இல்ல. ஆனா யோசிச்சு பாருங்க, "கோர்ஸை விட்டுடட்டுமா"ன்னு ஒருத்தர் கேக்கறார், எனக்கு அவர் வீடு தெரியாது, கடன் தெரியாது, அவருக்கு அந்த சப்ஜெக்ட் பிடிக்குமான்னு தெரியாது, அரை மணி நேரமா குரல் மட்டும் தெரியும். விட்டுடுன்னு நான் சொல்லி அவர் விட்டுட்டா அடுத்த நாள் வாழப்போறது அவர்தான். அதுக்கு பதிலா "விட்டுட்டா முதல்ல யார்கிட்ட சொல்லணும்னு தோணுது?"ன்னு கேட்டேன்னா, அப்பாவை நினைச்சாதான் பயமா இருக்குன்னு வரும், அங்கதான் அவரோட நிஜ பிரச்சனை இருக்கும். நிறைய தடவை கோர்ஸ் விஷயமே இல்ல.

தகவல் வேற, அட்வைஸ் வேற. ஒரு செமஸ்டர் லீவ் போட முடியுமா, யார்கிட்ட விண்ணப்பிக்கணும், டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார்னு கேட்டா உடனே சொல்லணும், அதுக்கு ஒரு பைல் பக்கத்துலயே இருக்கணும், அதை வருஷா வருஷம் அப்டேட் பண்ணனும். பழைய நம்பரை குடுத்து அவங்க கூப்பிட்டு யாரும் எடுக்கலன்னா அது ரொம்ப பெரிய அடி.

மதிவதனி
கார்ல் ரோஜர்ஸ்ங்கற அமெரிக்க உளவியலாளர் 1957ல எழுதின கட்டுரைல கேக்கறவர்கிட்ட இருக்க வேண்டியதுன்னு முக்கியமா சொன்னது நிபந்தனை இல்லாம ஏத்துக்கறது, பேசறவர் இடத்துல இருந்து உணர்றது, நடிக்காம இருக்கறது. தேன்மொழி சொன்ன கடுப்பு இந்த மூணாவது இல்லாததால வர்றது. "எனக்கு இதுக்கு பதில் தெரியல, ஆனா உங்க கூட சேர்ந்து யோசிக்க முடியும்"னு சொல்றது நடிப்பு இல்ல. ட்ரெய்னிங்ல மனப்பாடம் பண்ணின வாக்கியத்தை சொல்றதுதான் நடிப்பு, போன்ல அது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

கரிகாலன்07
நான் போன வருஷத்துல இருந்து ஒரு ஸ்டூடண்ட் லைன்ல இருக்கேன், எங்கன்னு சொல்ல மாட்டேன். யாரும் தொடாத ரெண்டு விஷயம்.

ஒன்னு, குரல் தெரிஞ்சுட்டா? எனக்கு நடந்துச்சு. என் கிளாஸ்மேட். ரெண்டாவது வாக்கியத்துலயே தெரிஞ்சுடுச்சு. எங்க விதி என்னன்னா, தெரிஞ்ச உடனே சொல்லிடணும், கேட்டுட்டு அப்புறம் சொல்றது துரோகம். "உங்க குரல் எனக்கு தெரிஞ்ச மாதிரி இருக்கு, நான் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட போனை குடுக்கட்டுமா, இல்ல என்கிட்டயே பேசறீங்களா?"ன்னு. அன்னிக்கு மாத்தி குடுத்தேன். அதுக்காகவே எப்பவும் ரெண்டு பேர் ஷிப்ட்ல இருக்கணும், தனியா யாரும் உக்காரக்கூடாது. அடுத்த நாள் கிளாஸ்ல அவன் என்னைப் பாத்தப்ப நான் எப்பவும் போல இருந்தேன், எப்படி இருக்கன்னு கூட ஸ்பெஷலா கேக்கல. அவனா பேசினா பேசலாம், நாம ஆரம்பிக்கக்கூடாது. அது எவ்வளவு கஷ்டம்னு இருந்து பாத்தாதான் தெரியும்.

ரெண்டு, தப்பா பேசறதுக்குன்னே கூப்பிடறவங்க. எல்லா லைனுக்கும் வரும், ராத்திரி லைனுக்கு அதிகமா வரும், முக்கியமா பொண்ணுங்க எடுக்கும்போது. பேச்சுத்துணைன்னா எல்லாத்தையும் கேட்டே ஆகணும்னு புது வாலன்டியர்கள் நினைச்சு தாங்கிட்டு உக்காந்திருப்பாங்க. முதல் நாளே சொல்லிடுங்க, ஒரு தடவை எச்சரிக்கை, அப்புறம் கட் பண்ணலாம், அதுக்கு யாரும் உங்களை கேள்வி கேக்க மாட்டாங்கன்னு. எடை போட மாட்டோம்ங்கறதுக்கு அர்த்தம் மிதிபட்டுட்டு இருக்கறது இல்ல.

கேள்விக்குறி
கரிகாலன், நான் ஆரம்பத்துல கேட்டதுல ஒரு பாதிக்கு இன்னும் பதில் வரல, நீங்க உள்ள இருக்கறதால கேக்கறேன். கேட்டுட்டு வந்து நீங்க எங்க இறக்கி வைப்பீங்க? வெளிய சொல்லக்கூடாது, ரூம்மேட்டுக்கும் தெரியக்கூடாது. அப்ப நீங்களே அதோட தூங்கணுமா?

கரிகாலன்07
இல்ல. அப்படி வச்சுக்கிட்டா ஒரு செமஸ்டர்கூட தாங்காது. ஷிப்ட் முடிஞ்சதும் ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் கிளம்பணும், கால்ல என்ன சொன்னாங்கங்கறதை விட அது எனக்கு என்ன பண்ணுச்சுங்கறதை. பாரமான கால் வந்துச்சுன்னா ராத்திரியே சூப்பர்வைசர் அக்காவை கூப்பிடலாம், அவங்க திட்ட மாட்டாங்க. ரகசியம்ங்கறது அந்த ஒரு வாலன்டியரோடது இல்ல, சர்வீஸோடது, சர்வீஸுக்குள்ள பேசிக்கலாம். இதை கூப்பிடறவங்ககிட்டயும் சொல்லிடுவோம். எக்ஸாம் வாரத்துல ஷிப்ட் குறைச்சுடுவாங்க, வீட்ல யாராவது இறந்துட்டா கொஞ்ச நாள் ஷிப்டே கிடையாது, நாமளே கேட்டாலும் தர மாட்டாங்க. ஒரு வாரம் நானே முடியலன்னு சொல்லி ஒதுங்கினேன், யாரும் ஏன்னு கேக்கல.

கேள்விக்குறி
சரி. இது எனக்கு வேண்டிய பதில். எனக்கு தெரிஞ்சவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்ல, ப்ரெண்ட்ங்கற ஒரே காரணத்துக்காக எல்லாத்தையும் தனியா தாங்கினார், அதான் எனக்கு கோவமே. இப்படி நடத்தறதா இருந்தா நான் எதிர்க்க மாட்டேன்.

நிலாமுற்றம்
அப்டேட் தர்றேன். டீன் ஆபீஸ் மீட்டிங் முடிஞ்சுது, மேகலா சொன்ன மாதிரி லா புரொபசர் ஒருத்தரை கூட்டிட்டு போனோம், அது பெரிய உதவி. மாச லிஸ்ட் கிடையாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. செமஸ்டர் ரிப்போர்ட், ட்ரெய்னிங் ரெக்கார்டு, ராத்திரி கூப்பிட்டா எடுக்கற ஒரு சூப்பர்வைசர், உயிருக்கு உடனடி ஆபத்துன்னா மட்டும் என்ன பண்ணுவோம்ங்கற எழுத்து நடைமுறை, இதெல்லாம் நாங்க தரணும். கால் எடுத்ததும் முதல்ல சொல்றதுக்கு ஒன்னு எழுதியிருக்கோம், பாத்து சொல்லுங்க:

"வணக்கம், நான் இங்க ஒரு மாணவ வாலன்டியர். உங்க பேர் எனக்கு வேணாம். நீங்க பேசறது எங்க சர்வீஸை விட்டு வெளிய போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ உடனடி ஆபத்துன்னு எனக்கு தோணுச்சுன்னா மட்டும் உதவி கூப்பிடுவேன், அதையும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணுவேன்."

பெயர்வேண்டாம்
நல்லாருக்கு, ஆனா நான் கூப்பிட்ட நிலைமைல இவ்வளவையும் கேட்டுட்டு இருந்திருக்க மாட்டேன். முதல்ல "ஹலோ, நான் இருக்கேன்" மட்டும் சொல்லுங்க. அவங்க மூச்சு விட்டுக்கட்டும். ஆபத்து விஷயம் பேச்சு அந்தப் பக்கம் போறதுக்கு முன்னாடி சொன்னா போதும், வெப்சைட்லயும் போஸ்டர்லயும் முழுசா போட்டுடுங்க, கூப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரும் அதைத்தான் பத்து தடவை படிப்பாங்க.

மேகலா_சட்டம்
பெயர்வேண்டாம் சொல்றது சரி, ஆனா அதை சொல்லாமலே போயிடக்கூடாது. நடுவுல சொல்ல வேண்டிய இடம் எதுன்னு ட்ரெய்னிங்ல நடிச்சு பழகுங்க. "கோர்ட் உத்தரவு வந்தா"ங்கறதையும் வெப்சைட்ல ஒரு வரி சேருங்க.

பழையலைன்
நிலாமுற்றம், கடைசியா ஒன்னு, சந்தோஷத்துல இதை மறந்துடாதீங்க. நீங்க எல்லாரும் பைனல் இயர்னு நினைக்கறேன். ஸ்டூடண்ட் லைன் நின்னு போறது பெரும்பாலும் ரகசியம் உடைஞ்சு இல்ல, ஆரம்பிச்ச பேட்ச் படிச்சு முடிச்சு போனதும் அடுத்தவங்களுக்கு எதுவும் தெரியாம நின்னு போகும். இப்பவே ஜூனியர்ஸை எடுங்க, பாதிக்கு மேல. பாஸ்வேர்டு, பைல், சூப்பர்வைசர் நம்பர், நிர்வாகத்தோட போட்ட ஒப்பந்தம் எல்லாம் ஒருத்தர் லேப்டாப்ல இருக்கக்கூடாது. முக்கியமா அந்த ஒப்பந்தத்துல டீன் கையெழுத்து வாங்கிடுங்க, டீனும் மாறுவாங்க, புது டீன் வந்ததும் முதல் கேள்வியே லிஸ்ட் எங்கன்னுதான் இருக்கும்.

நிலாமுற்றம்
கையெழுத்து இன்னும் வாங்கல, வாய் வார்த்தைதான். திங்கக்கிழமை போறோம். ஜூனியர்ஸ்ல ஆறு பேர் பேர் குடுத்திருக்காங்க, அவங்ககிட்ட இந்த த்ரெட்டையே படிக்க சொல்லியிருக்கேன்.